எதிர்வுகூறல் ஆலோசனையாகுமா?

“இப்பங்கின் விலை ஏறும்” என்று ஒருவர் கூறுகின்றார். அதனைக் கேட்ட மற்றொருவர் அப்பங்கை வாங்குகின்றார். விலையோ இறங்குகின்றது. இவ்விடத்து, முன்னவர் முதலீட்டு ஆலோசனை வழங்கினார் எனக் கொள்வதா, அன்றித் தம் மனத்திற் பட்டதை வாய்விட்டுச் சொன்னார் எனக் கொள்வதா? முற்காலத்தில் இத்தகைய பேச்சுத் திண்ணையிலே பிறந்து திண்ணையிலேயே அடங்கிவிடும். இக்காலத்திலோ ஒருவர் இணையத்தில் எழுதிய ஒரு வரி கணப்பொழுதில் ஆயிரம் பேர் கைக்கு எட்டிவிடுகின்றது. எம் கல்லூரிப் பழைய மாணவர் பலர் கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் இருந்து பொருளீட்டி, ஈட்டிய பொருளைப் பெருக்கும் வழியும் தேடுகின்றனர். ஆதலால் இவ்வினாவை இம்மலரில் ஆராய்தல் பொருத்தமுடைத்தெனக் கருதினோம். தமிழாசிரியருக்குப் பங்குச் சந்தையில் என்ன அலுவல் என்று கேட்பார்க்கு, இது பொருளைப் பற்றிய வினா மட்டுமன்று, சொல்லைப் பற்றிய வினாவுமாம் என்பதே எமது விடை.

இதனை ஆராய எம்மைத் தூண்டியவர் எம்மிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர். அவர் கொழும்பில் உத்தியோகம் பார்ப்பவர். 2021 ஆம் ஆண்டு கொழும்புப் பங்குச் சந்தை பெரிதும் ஏறிய காலம். பாடசாலை விடுதியில் அவருக்கு மூத்தவராயிருந்த ஒருவர், “இப்பங்கு இரண்டு மாதத்தில் இரட்டிக்கும். இஃது ஆலோசனை அன்று, எனது எண்ணம் மாத்திரமே” என்று பலரும் காண எழுதியிருந்தார். எம் மாணவர் அக்காலத்தில் ஊரில் வீட்டுக்கு அத்திவாரம் இட்டிருந்தார். சுவர் எழுப்பவெனச் சேர்த்து வைத்திருந்த பணம் முழுவதையும் அப்பங்கில் இட்டார்.

அவ்வாண்டின் இறுதியிற் கொழும்பின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 12,000 புள்ளிகளைக் கடந்து நின்றது. அடுத்த ஆண்டு நாடு பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்தது. 2022 ஏப்பிரலிற் சந்தை ஐந்து வேலைநாட்களுக்கு மூடப்பட்டது. அவ்வாண்டு முடிவிற் சுட்டெண் ஏறத்தாழ 8,500 புள்ளிகளாய் இருந்தது. அவர் வாங்கிய பங்கு சுட்டெண்ணிலும் விரைந்து வீழ்ந்தது. வீட்டுச் செலவுக்கும் முட்டுப்பாடு நேரவே, கிடைத்த விலைக்கு விற்றுவிட்டார். இட்ட அத்திவாரத்திற் புல் முளைத்தது.

“சேர், அவர் சொன்னது ஆலோசனைதானே? ஆலோசனை என்றால் அவரைப் பொறுப்புக் கேட்க எனக்கு உரிமை இல்லையா?” என்று அவர் எம்மிடம் வினவினார். அன்று எமக்கு விடை தெரியவில்லை. பின்னர்த் தேடிக் கற்றதனை ஈண்டுத் தருகின்றோம்.

முதலில் எமக்குப் பழக்கமான இலக்கணத்தின் வழியே நோக்குவோம். “ஏறும்” என்பது எதிர்காலம் உணர்த்தும் படர்க்கை வினைமுற்று. அதன் எழுவாய் பங்கின் விலை. “வாங்கு” என்பது முன்னிலை ஏவல். அதன் எழுவாய் கேட்போன். முன்னது பொருளைப் பற்றிய கூற்று; பின்னது ஆளை நோக்கிய கூற்று. இவ்வளவில் வேறுபாடு தெளிவே. ஆயினும் குடையின்றி வெளியே புறப்படும் மகனை நோக்கித் தாய் “மழை வரும்” என்றால், அவள் வானிலையை விளக்கினாள் என எவரும் கொள்ளார். “குடையை எடு” என்பதே அதன் கருத்து. வடிவிற் படர்க்கை, குறிப்பில் ஏவல். எனவே சொல்லின் வடிவை மட்டும் பார்த்து இஃது எதிர்வுகூறல், இஃது ஆலோசனை என்று பகுத்துவிட இயலாது. சொன்னவர் யார், யாருக்குச் சொன்னார், எந்த நிலையிற் சொன்னார் என்பவற்றையும் நோக்குதல் வேண்டும்.

யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் இதனை நன்கறிவர். “இம்முறை வெங்காயம் நல்ல விலை போகும்” என்று சந்தையில் ஒருவர் சொல்வார். அவருக்கு எமது தோட்டம் எத்தனை பரப்பு என்பது தெரியாது. கிணற்றில் நீர் எவ்வளவு என்பதும், கடன் எவ்வளவு என்பதும் தெரியா. விவசாயப் போதனாசிரியர் ஒருவரோ தோட்டத்துக்கு வந்து மண்ணைப் பார்த்து, நீரைப் பார்த்து, எம் கைம்முதலையும் விசாரித்த பின்னரே “இத்தனை பரப்பில் வெங்காயம் வையுங்கள்” என்று சொல்வார். இருவர் வாயிலும் வெங்காயமே வந்தது. ஆயினும் முன்னவர் வெங்காயத்தைப் பற்றிப் பேசினார். பின்னவர் எம்மைப் பற்றிப் பேசினார். சட்டமும் ஏறக்குறைய இவ்வழியே செல்வதைக் காண்கின்றோம்.

இவ்வினாவை நெடுங்காலம் ஆராய்ந்து, நீதிமன்றத் தீர்ப்புக்களாகவும் விடை தந்துள்ள நாடு அமெரிக்க ஐக்கிய நாடு. 1929 ஒக்டோபரில் நியூயோர்க் பங்குச் சந்தை வீழ்ந்து பல்லாயிரவர் பொருளிழந்ததன் பின்னர், அந்நாடு 1933 இலும் 1934 இலும் பங்கு வெளியீட்டையும் சந்தையையும் ஒழுங்குபடுத்தச் சட்டங்கள் இயற்றியது. அவற்றைத் தொடர்ந்து 1940 இல் முதலீட்டு ஆலோசகர் சட்டம் பிறந்தது. அச்சட்டம் ஒருவரை முதலீட்டு ஆலோசகர் என்பதற்கு மூன்று கூறுகளை வேண்டி நிற்கின்றது. பங்கு முதலிய பிணையங்களின் மதிப்பைப் பற்றியோ, அவற்றை வாங்குதல் விற்றல் பற்றியோ பிறருக்கு அறிவுரை கூறுதல் ஒன்று. அதனைத் தொழிலாகச் செய்தல் இரண்டு. அதற்குக் கைம்மாறு பெறுதல் மூன்று. இம்மூன்றும் ஒருங்கே அமைதல் வேண்டும். நண்பரிடம் ஊதியமின்றி ஒரு நாள் ஒரு கருத்தைச் சொன்னவர் இவ்வரைவிலக்கணத்தினுள் வாரார்.

அச்சட்டம் சிலரை வெளிப்படையாகவே விலக்கியும் வைத்துள்ளது. முறையாகப் பொதுமக்களிடையே வழங்கும் செய்தித்தாள், வணிக இதழ் ஆகியவற்றின் வெளியீட்டாளர் அவருள் ஒருசாரார். சட்டத்தரணி, கணக்காளர், பொறியியலாளர், ஆசிரியர் ஆகியோர் தத்தம் தொழிலைச் செய்யுங்கால் அதனோடு ஒட்டிச் சிறிது அறிவுரை கூற நேரின் அவரும் விலக்கப்பட்டோரே. ஆசிரியர்க்கும் ஓர் இடம் ஒதுக்கிய அச்சட்டத்தை வாசித்தபோது எமக்குச் சிறு புன்னகை வந்தது. பின்னர் அப்புன்னகை மறைந்தது. அதன் காரணத்தை இறுதியிற் சொல்வோம்.

ஆலோசகர் எனப் பெயர் பெற்றவரிடம் சட்டம் எதிர்பார்ப்பது யாது? இதனை 1963 இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்த்த வழக்கொன்று விளக்குகின்றது. கப்பிற்றல் கெயின்ஸ் றிசேர்ச் பியூரோ என்னும் நிறுவனம் பதிவு பெற்ற ஆலோசகர். ஆண்டுக்கு 18 டொலர் சந்தா செலுத்திய ஏறத்தாழ 5,000 பேருக்கு அது மாதந்தோறும் அறிக்கை அனுப்பி வந்தது. 1960 ஆம் ஆண்டில் ஆறு முறை அந்நிறுவனம் சில பங்குகளை முதலிலே தனக்கென வாங்கியது. பின்னர் அவை நீண்டகால முதலீட்டுக்கு உகந்தவை என அறிக்கையில் எழுதியது. வாசித்தோர் வாங்க, விலை ஏறிய சில நாட்களுள் தன் பங்குகளை விற்று ஆதாயம் கண்டது. பிறருக்கு நீண்டகாலம், தனக்குச் சில நாட்கள். பங்கு நல்லதா தீயதா என்பது ஒருபுறம் இருக்க, தனக்கு அப்பங்கில் உள்ள பற்றை மறைத்ததே குற்றம் என்று நீதிமன்றம் கூறியது. கேடு செய்யும் உள்நோக்கம் இருந்ததென எண்பிக்க வேண்டியதில்லை என்றும் அது தெளிவாக்கியது. ஆலோசகர் தம்மை நம்பியவர்க்கு விசுவாசமாய் இருக்கக் கடமைப்பட்டவர் என்பதே அத்தீர்ப்பின் அடிப்படை.

அவ்வாறாயின் பலரும் வாசிக்கப் பொதுவில் எழுதுவோர் யாவரும் ஆலோசகராவரோ? இவ்வினா 1985 இல் அதே நீதிமன்றத்தின் முன் வந்தது. லோ என்பவருடைய நிறுவனம் பதிவு பெற்ற ஆலோசகராய் இருந்தது. வாடிக்கையாளர் ஒருவரின் பணத்தைக் கையாடியது முதலிய குற்றங்களுக்காக அவர் தண்டிக்கப்பட, 1981 இல் அந்நிறுவனம் பதிவை இழந்தது. அதன் பின்னும் பங்குகளைப் பற்றிய சந்தா இதழ்களை வெளியிட்டு வந்தார். அவற்றுள் ஒன்றுக்கு 3,000 முதல் 19,000 வரையான சந்தாதாரர் இருந்தனர். பதிவின்றி ஆலோசனை கூறுகின்றார் என அரசின் ஆணைக்குழு அவரைத் தடுக்க முயன்றது. நீதிமன்றம் உடன்படவில்லை. வழக்கைக் கேட்ட நீதியரசர் எண்மரும், காரணத்திற் சிலர் வேறுபட்டாலும், முடிவில் ஒன்றினர். ஒருவருடைய நிலையை அறிந்து அவருக்கென்றே கூறும் அறிவுரையையே அச்சட்டம் கருதியது. எல்லார்க்கும் ஒருபடித்தாக எழுதப்படும் இதழ், அது மெய்யான வெளியீடாகவும் முறையாக வெளிவருவதாகவும் இருக்குமளவும், விலக்கினுள் அடங்கும் என்பது பெரும்பான்மையோர் காட்டிய காரணம். எழுதியவர் நல்லவரா என்பதை அவர்கள் அளக்கவில்லை. எழுத்து யாரை நோக்கியது என்பதையே அளந்தனர்.

இத்தீர்ப்பை வாசிப்போர், பொதுவிற் சொல்லின் எதனையும் சொல்லலாம் போலும் என எண்ணுதல் கூடும். அது பெருந்தவறு. 2000 ஆம் ஆண்டு செப்ரெம்பரில் நியூ ஜேர்சியைச் சேர்ந்த 15 வயதுச் சிறுவன் ஒருவன் மீது அதே ஆணைக்குழு நடவடிக்கை எடுத்தது. அவன் யாருக்கும் ஆலோசகன் அல்லன். யாரிடமும் ஊதியம் பெற்றவனும் அல்லன். அதிகம் கைமாறாத சிறு நிறுவனப் பங்குகளை வாங்கி வைத்துக்கொண்டு, அவை மிக உயரும் என்று இணையத்திற் பல புனைபெயர்களில் நூற்றுக்கணக்கான செய்திகளைப் பரப்பினான். அதனை நம்பியோர் வாங்க, விலை ஏறியவுடன் விற்றுவிட்டான். 1999 ஓகஸ்ற் முதல் 2000 பெப்ருவரி வரை 11 முறை இங்ஙனம் செய்தான் என்பது ஆணைக்குழுவின் கூற்று. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும், ஈட்டிய ஆதாயத்தை வட்டியுடன் சேர்த்து 285,000 டொலராகத் திருப்பிக் கொடுக்க அவன் இணங்கினான். அவன் மீது சாட்டப்பட்டது பதிவின்றி ஆலோசனை கூறிய குற்றமன்று, வஞ்சனைக் குற்றம். ஆலோசனைக்குரிய சட்டத்தின் எல்லைக்கு வெளியே நின்றாலும், வஞ்சனையைத் தடுக்கும் சட்டத்தின் எல்லைக்கு வெளியே ஒருவரும் நில்லார் என்பது இதனாற் பெறப்படும்.

எமது அயல்நாடான இந்தியாவிலும் இப்பாகுபாடு காணப்படுகின்றது. அந்நாட்டின் செபி என்னும் சபை 2013 இல் வெளியிட்ட முதலீட்டு ஆலோசகர் விதிகள், செய்தித்தாள், சஞ்சிகை, மின்னணு ஊடகம் முதலியவற்றின் வழியே பொதுமக்கள் யாவர்க்கும் கிடைக்கக் கூறப்படுவதனை அவ்விதிகளின் பொருட்டு முதலீட்டு ஆலோசனையாகக் கொள்ளவில்லை. பங்குகளைப் பற்றிப் பரிந்துரை அறிக்கை வெளியிடுவோர்க்கென 2014 இல் வேறு விதிகள் வகுக்கப்பட்டன. இலங்கையில் 1987 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பதிலாக 2021 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் நிலவுகின்றது. பிணையச் சந்தையில் இடைநின்று தொழில் புரிவோர்க்கு உரிமத்தை வேண்டுவதோடு, பொய்யான அல்லது மயக்கும் கூற்றுக்களாற் பிறரைப் பங்கு வாங்கவோ விற்கவோ தூண்டுவதனை அச்சட்டம் தடுக்கின்றது.

இனி, “இஃது ஆலோசனை அன்று” என்னும் வாசகத்தை நோக்குவோம். பங்குகளைப் பற்றி எழுதுவோர் பலர் இதனை ஒரு காப்புப் போலக் கட்டிக்கொள்கின்றனர். கல்லின் மீது பனங்கட்டி என்று எழுதி ஒட்டினால் அக்கல் இனிக்குமா? அதுபோலவே, ஒருவர் பணம் பெற்றுக்கொண்டு, மற்றவருடைய வரவு செலவை ஆராய்ந்து, இன்ன பங்கில் இவ்வளவு இடுக என்று சொல்லிவிட்டு, இறுதியில் இது ஆலோசனை அன்று என எழுதினால் அதன் இயல்பு மாறிவிடாது. சட்டம் செயலை நோக்கும். மறுதலையாக, உண்மையாகவே பொதுக் கருத்தொன்றைச் சொன்னவர்க்கு அவ்வாசகம் நேர்மையான அறிவித்தலாம். ஆயினும் நாம் ஒன்றை மறத்தலாகாது. அவ்வாசகம் எழுதியவரைக் காப்பதற்கே எழுதப்படுகின்றது; வாசிப்பவரை அது காப்பதில்லை. “இதற்கு நான் பொறுப்பல்லேன், உமது நிலையை நான் அறியேன்” என்பதே அதன் விரிந்த பொருள். அதனை வாசித்துவிட்டும் அறிவுரை பெற்றவர்போற் பணத்தை இடுவது, ஆழம் அறியாமற் காலை விடுவதாகும்.

இவ்வளவையும் வைத்து எம் மாணவரின் வினாவுக்கு வருவோம். அவருடைய மூத்த நண்பர் ஊதியம் பெறவில்லை; அதனைத் தொழிலாகவும் கொள்ளவில்லை; அவருக்கென்று தனியே எழுதவுமில்லை. தம்மிடம் இருந்த பங்கை விற்பதற்காகப் பொய்யுரைத்தார் என்பதற்கும் அடையாளம் எதுவும் இல்லை. அவரும் அப்பங்கில் நட்டப்பட்டவரே. ஆகவே நாம் கற்ற அளவில் அஃது எதிர்வுகூறலே, ஆலோசனை அன்று. பொறுப்புக் கேட்க வழியில்லை. எம் மாணவர்க்கு இவ்விடை கசப்பாயிருந்தது. ஆயினும் இதன் மறுபக்கத்தை அவர் விரைவில் உணர்ந்தார். ஆலோசனை அன்று என்றால், ஆலோசனைக்குரிய நம்பிக்கையையும் அதன்மேல் வைத்திருத்தலாகாது.

சந்தை பின்னர் ஏறியதும் உண்மையே. 2024 ஆம் ஆண்டு இறுதியிற் கொழும்புச் சுட்டெண் 15,000 புள்ளிகளையும் கடந்தது. “பார்த்தீர்களா, பொறுத்திருந்தால் நட்டம் குறைந்திருக்கும்” என்று சிலர் அவரிடம் கூறினராம். அவராற் பொறுத்திருக்க முடியவில்லை என்பதே இங்குள்ள செய்தி. சுவருக்கு வைத்த பணம்; மாதச் செலவுக்கு வேறு கையிருப்பில்லை. உண்மையான ஆலோசகர் ஒருவர் முதலிற் கேட்டிருக்கக்கூடிய வினா, “இப்பணம் உமக்கு எப்போது வேண்டும்?” என்பதாகும். எதிர்வுகூறுவோர் அதனைக் கேட்பதில்லை. ஒரு கூற்றுப் பின்னர் மெய்யாகலாம்; எனினும் கேட்டவர்க்கு அது பொருந்தாது போகலாம்.

ஆகவே இளைஞர்க்கு நாம் கூற விரும்புவது நான்கு வினாக்கள். சொல்பவர் என் நிலையை அறிவாரா? அப்பங்கில் அவருக்குப் பற்று உண்டா, அதனை வெளிப்படையாகச் சொன்னாரா? அவர் உரிமம் பெற்றவரா, முறைப்பாடு செய்ய ஓர் இடம் உண்டா? அவர் சொன்னது முற்றும் பொய்த்தாலும் என் குடும்பம் தாங்குமா? இந்நான்குக்கும் ஆம் என்ற விடை கிடையாதவிடத்து, எவர் சொன்னாலும் அதனைத் திண்ணைப் பேச்சாகவே கொள்க. கேட்டு மகிழலாம், மேலும் ஆராயலாம், அதனை மட்டும் நம்பிப் பணத்தை இடுதல் கூடாது.

இனி நாம் முன்னர் சொல்லாது விட்டதைச் சொல்லவேண்டும். 2021 இல் அம்மாணவர் அப்பணத்தை இடுவதற்கு முதல்நாள் இரவு எம்மோடு தொலைபேசியிற் பேசினார். வேறு பல பேச்சின் நடுவே, அண்ணர் இப்படி எழுதியிருக்கிறார், பார்த்தீர்களா சேர் என்று கேட்டார். நாம் பங்குச் சந்தையைப் பற்றி எதுவும் அறியோம். ஆயினும், “அவன் கெட்டிக்காரன், கணக்குப் பார்க்காமற் சொல்லமாட்டான்” என்று கூறினோம். வகுப்பறையில் முன்வரிசையில் இருந்து கணக்குகளை எல்லாம் முதலிலே செய்து முடித்த அப்பையனின் முகமே எம் மனத்தில் நின்றது. எம் சொல்லில் ஏவல் இல்லை, எதிர்காலம்கூட இல்லை. ஒரு பழைய மாணவனைப் பற்றிய புகழ்ச்சி மாத்திரமே. ஆனால் அதனைக் கேட்டவர் மறுநாள் வாங்கினார். மூத்தவரின் எழுத்தைவிட ஆசிரியரின் அவ்வொரு வாக்கியமே தம்மைத் துணியச் செய்தது என்று அவர் பின்னொருநாள், குற்றம் சாட்டும் குரலில் அன்று, உண்மையைக் கூறும் குரலிற் சொன்னார்.

எந்நாட்டுச் சட்டமும் எம்மைப் பிடிக்காது. கைம்மாறு பெறவில்லை, தொழிலாகச் செய்யவில்லை. ஆசிரியர்க்கு விலக்கும் உண்டு. எம் புன்னகை மறைந்தமைக்குக் காரணம் அதுவே. சட்டம் எம்மை விலக்கி வைத்த இடத்திலே எம் சொல்லை மெய்யென நம்பிய ஒருவர் நின்றிருந்தார். இக்கல்லூரியில் ஒருவரை ஒருவர் நம்பப் பழகியவர்கள் நாம். மூத்தோர் சொல்லுக்கும் ஆசிரியர் சொல்லுக்கும் இங்கே தனி நிறை உண்டு. அந்நிறை உள்ளவர் அறியாத பொருளைப் பற்றி வாய் திறக்குமுன் தயங்குதல் வேண்டும். “எனக்குத் தெரியாது, உரியவரிடம் கேள்” என்று கூறுவது ஆசிரியர்க்கு இழுக்கன்று.

சென்ற தைப்பொங்கல் விடுமுறைக்கு அம்மாணவர் ஊர் வந்திருந்தார். புல்லைச் செருக்கி, அத்திவாரத்தின் மேல் இரண்டு வரிசைக் கல் வைத்திருந்தார். பங்குகளைப் பற்றி எம்மிடம் எதுவும் கேட்கவில்லை. சீமெந்து விலை இன்னும் இறங்குமா சேர் என்று மட்டும் கேட்டார். எமக்குத் தெரியாது என்றோம். இருவரும் சிரித்துக்கொண்டோம்.